ஜெகதீசன் பேருக்கு வரும் எஞ்சின்

இந்த ஸ்க்ரூ உள்ள போகுதா பாரு. போகாது. எறும்புத் தலை அளவுதான் இருக்கு, அதுக்கு இவ்ளோ வீம்பு. வெச்சு வெச்சுப் பாக்குறேன், சாய்ஞ்சுக்கிட்டே நிக்குது. கை நடுங்குதுன்னு யாராவது சொன்னாங்கன்னா நடக்குறதே வேற. லேப்ல விடிஞ்சா பொழுதடைஞ்சா ஜனங்க கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்குற கை இது. வீல்னு கத்துற குழந்தைக்குக்கூட ஒரே குத்துல நரம்பு பிடிச்சிடும். ஹேமா மேடம்தான் வேணும்னு கேட்டு வாங்கிக் குத்திக்கிட்டுப் போற கிழவங்க இருக்காங்க வில்லிவாக்கத்துல. அந்தக் கைக்கு இன்னிக்கு என்ன கேடு. இன்னிக்கு அவன் வர்றான், அதான் கேடு. மெசேஜ் போட்டிருக்கான், ‘ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மேல வரேன், சாமான் எடுக்கணும்’னு. எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை இல்லை, வரலாமான்னு ஒரு கேள்வி இல்லை. ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காதவன், கூடக் குடித்தனம் பண்ணவளுக்கு கேஸ் கம்பெனிக்காரன் மாதிரி மெசேஜ் போடுறான். என்ன சாமான்னும் சொல்லலை. சொல்லணுமா என்ன. சட்டை, சர்டிபிகேட், ஷேவிங் செட்டு, அவங்க அம்மா போட்டோ, எல்லாத்தையும் அன்னிக்கே ரெண்டு சூட்கேஸ்ல அள்ளிக்கிட்டுப் போயிட்டான். அவன் விட்டுட்டுப் போனதுல ஆசைப்பட்டு திரும்பி வர்ற மாதிரி இந்த வீட்ல ரெண்டே ரெண்டுதான் இருந்தது. ஒண்ணு நான். என்னைக் கேட்டு அவன் வரப்போறதில்லை. இன்னொண்ணு இதோ மேஜை மேல நிக்குது, கறுப்பா, பச்சையா, முழங்கை நீளத்துக்கு. குடுக்க மாட்டேன். என்ன ஆனாலும் சரி, இந்த எஞ்சினை நான் அவனுக்குக் குடுக்க மாட்டேன். அதை மட்டும் முடிவு பண்ணிட்டேன், மத்ததெல்லாம் அப்புறம்.

ஆரம்பிச்சு வெச்சது அவன்தான், இல்லைன்னு சொல்லலை. எங்கேயோ வெளிநாட்டுக் கம்பெனி, மாசா மாசம் ஒரு பெட்டி அனுப்பும், பெட்டிக்குள்ள பளபளன்னு ஒரு புத்தகம், புத்தகத்தோட நாலஞ்சு உதிரி பாகம். இந்த மாசம் ரெண்டு சக்கரம், அடுத்த மாசம் ஒரு குழாய், அதுக்கடுத்த மாசம் ஏணி மாதிரி ஒண்ணு. எல்லாத்தையும் சேர்த்துக் கட்டினா கடைசியில ஒரு நீராவி எஞ்சின். உள்ள மோட்டார்தான், நீராவி கிடையாது, ஆனா பாக்குறதுக்கு அச்சு அசல். மொத்தமா ஒரே தடவையில வாங்கினா என்னன்னு கேட்டேன். உனக்கு ஒண்ணும் தெரியாது ஹேமா, கொஞ்சம் கொஞ்சமா கட்டுறதுலதான் சுகம்னான். குடித்தனத்துல அந்தப் பொறுமையில பாதி இருந்திருந்தா. அவங்க அப்பாவோட மேஜையில நியூஸ் பேப்பரை விரிச்சுப்பான், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப்பான், அப்புறம் என்னைக் கூப்பிடுவான். எதுக்கு? டார்ச் பிடிக்க. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு டார்ச் அடிக்கணும். இங்க காட்டு, இங்கன்னா இங்க, எங்க காட்டுற, மூஞ்சில அடிக்காதே. தோள்பட்டை கடுக்கும். கையை மாத்தினா வெளிச்சம் ஆடும், ஆடினா ஒரு ‘ப்ச்’. அந்த ‘ப்ச்’ இன்னும் இந்த வீட்லதான் இருக்கு, குக்கர் மூடியைத் திறக்கிறப்பகூட எனக்குக் கேக்குது. ஒரு நாள் கீழ உருண்ட ஸ்க்ரூவை எடுத்து நானே வெச்சுப் பாத்தேன், அது பாட்டுக்கு உள்ள போயிடுச்சு. தொடாதேன்னு சொன்னேன்ல, திருகு போயிடும்னு பிடுங்கிக் கழட்டித் திரும்ப அவனே போட்டான். அதே ஓட்டை, அதே ஸ்க்ரூ. அப்பகூட எனக்குக் கோபம் வரலை, காபி போட்டுக் குடுத்தேன். கோபமெல்லாம் இப்பத்தான் வருது, வட்டியும் முதலுமா.

போறப்ப என்ன சொன்னான்? இந்த வீட்ல ஒண்ணுமே நகர மாட்டேங்குது ஹேமான்னான். எனக்கு மூச்சு முட்டுதுன்னான். ஆபீஸ்ல ஷர்மிளான்னு ஒருத்தி, அவ பேரைச் சொல்லவே அவனுக்கு மூணு மாசம் ஆச்சு, சொன்னப்ப முகத்துல ஒரு நிம்மதி, ஏதோ பல்லைப் பிடுங்கிப் போட்டவன் மாதிரி. போனான். பெட்டி மட்டும் நிக்கலை. பணம் அவன் கார்டுல இருந்து தானா போயிடும், விலாசத்தை மாத்தச் சொல்ல மறந்துட்டான் போல. முதல் மாசம் வந்ததை அப்படியே கட்டிலுக்கு அடியில தள்ளினேன். அடுத்ததையும் தள்ளினேன். கூட்டுறப்ப துடைப்பம் இடிக்கும், இடிக்கிறப்பல்லாம் வயித்தெரிச்சல். ஒரு நாள் குப்பையில கடாசிடலாம்னு இழுத்தேன், கடாசுறதுக்கு முன்னால என்னதான் இருக்குன்னு பாக்கத் தோணுச்சு, அவ்வளவுதான், அதோட மாட்டிக்கிட்டேன். புத்தகத்தை முதல் பக்கத்துல இருந்து படிச்சேன். இங்கிலீஷ் புரியாத இடத்துல படத்தைப் பாத்தேன். பாத்தா, அவன் கட்டின சக்கரமே தப்பு! அவன் இருந்தப்ப மோட்டாரை மாட்டி ஓட்டுவான், ரெண்டு சுத்து சுத்தும், திக்கும், நின்னுடும். சைனாக்காரன் மோட்டார், கரண்ட் சரியில்லை, நீ டார்ச்சை ஆட்டுன. காரணம் வெளியிலதான் எப்பவும். புத்தகத்துல கட்டம் போட்டு எழுதியிருக்கு, ஒரு பக்கத்துச் சக்கரத்துல கம்பி மாட்டுற முளை மேல நிக்கும்போது அந்தப் பக்கத்து முளை முன்னால நிக்கணும், கால் சுத்து தள்ளி. ஒரு பக்கம் முட்டிக்கிட்டு நிக்கிற நேரத்துல இன்னொரு பக்கம் இழுத்துக்கிட்டுப் போகணும், அதுக்காக. இவன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெச்சு ஒட்டியிருக்கான். ஏன்? பாக்க அழகா இருக்கும்னு. எல்லாம் நேரா இருக்கணும் அவனுக்கு, துண்டு மடிச்சா விளிம்பு விளிம்போட சேரணும், சுவத்துல ரெண்டு படம் ஒரே உசரத்துல தொங்கணும். அப்படி நேரா வெச்சு வெச்சு, ரெண்டு பக்கமும் ஒண்ணா முட்டிக்கிச்சு, இழுக்க ஆள் இல்லை. அன்னிக்கு ராத்திரி சாப்பாடுகூட இல்லாம விழுந்து விழுந்து சிரிச்சேன். சிரிச்சு முடிச்சு அழுதேன். நகர மாட்டேங்குதுன்னு என்னைச் சொல்லிட்டுப் போனானே, பாவி, நகராம ஒட்டி வெச்சவனே நீதானேடா.

பிரிச்சேன். நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டு, அவன் போட்ட பசையை இளக வெச்சு, சக்கரத்தை ஒவ்வொண்ணா கழட்டி, கால் சுத்து தள்ளித் திரும்ப மாட்டினேன். ஓடுச்சு. முதல் தடவை தடங்கலே இல்லாம ஓடுனப்ப இந்த ஹால்ல என்னைத் தவிர யாரும் இல்லை. யாருக்காவது போன் பண்ணிச் சொல்லணும்னு இருந்துச்சு, யாருக்குச் சொல்றது, என்னன்னு சொல்றது. அப்புறம் நிறுத்த முடியலை. புத்தகத்துல சொன்னதோட விட மனசு வரலை. பக்கவாட்டுக் கைப்பிடிக்கு பிளாஸ்டிக் குச்சி குடுத்திருந்தான் கம்பெனிக்காரன், அசிங்கமா, தடியா. லேப்ல குத்துற புது ஊசிங்க ரெண்டை முனை வெட்டித் தேய்ச்சு அந்த இடத்துல வெச்சேன், பளிச்சுன்னு எப்படி இருக்கு பாரு. குழாய்க்கெல்லாம் செம்புக் கம்பி. பெயிண்ட் ரொம்பப் புதுசா பல்லிளிச்சுது, கறுப்பைத் தண்ணியாக் கரைச்சு துணியில ஒத்தி ஒத்தி, கரி படிஞ்ச மாதிரி ஆக்கினேன். அவன் ஒட்டினதுல பாதிக்கு மேல இப்ப நான் ஒட்டினது. ஒண்ணே ஒண்ணுதான் போகலை. பாய்லர் அடிவயித்துல அவன் கட்டைவிரல் ரேகை. பசை ஆவி படிஞ்சு வெள்ளையா உறைஞ்சு போச்சு, சுழி சுழியா. தேய்ச்சா போயிடும். ரெண்டு தடவை பஞ்சை எடுத்தேன், ரெண்டு தடவையும் வெச்சுட்டேன். ஏன்னு கேக்காதே. கவுத்துப் பாத்தாத்தான் தெரியும், யாரு கவுத்துப் பாக்கப் போறா. அக்கா காலையில போன் பண்ணி அரை மணி நேரம் ஓதுனா. பொம்மை தானேடி, தூக்கிக் குடுத்துட்டு டைவர்ஸுக்கு ஆக வேண்டிய கையெழுத்தை வாங்குற வழியைப் பாரு, உனக்கென்ன வயசாயிடுச்சு, அதைக் கட்டிக்கிட்டு அழுறேன்னு. பொம்மையாம். அவ வீட்ல மூணு பசங்க, வீட்டுக்காரர், மாமியார், பத்தாததுக்கு ஒரு நாய். எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கு, அது எப்படிப் போகுதுன்னு அவளுக்கு என்ன தெரியும்? இந்த ரெண்டு வருஷமும் இந்த மேஜைக்கு முன்னாலதான் போச்சு, இல்லைன்னா நான் எங்க போயிருப்பேன்னு எனக்கே தெரியாது. அக்காகிட்ட இதைச் சொல்லலை, சரிக்கா சரிக்கான்னு வெச்சுட்டேன்.

வந்தான்னா என்ன சொல்லணும்? மரியாதையா ஆரம்பிக்கணும். ‘இது உங்களோடது இல்லை.’ வேண்டாம், என் பேருக்குத்தானே வருதும்பான். பேரு அவன் பேருதான், அதுதான் வம்பு. பெட்டி மேல கொட்டை எழுத்துல மிஸ்டர் ஜெகதீசன். கூரியர் பையன் மாசா மாசம் கேப்பான், சார் இல்லையாம்மான்னு. முதல் தடவை வாயில வந்தது, ஆபீஸ் போயிருக்கார்னு. போனவர் போனவர்தான், இன்னிக்கு வரைக்கும் ஆபீஸ்லயே இருக்கார். கீழ வாட்ச்மேன் கேட்டப்ப புனாவுக்கு மாத்தலாயிடுச்சுன்னேன். அவரும் நம்பிட்டார், இல்லை நம்பின மாதிரி தலையாட்டினார். மாசத்துல ஒரு நாள், பெட்டி வர்ற நாள், மாடிப்படியில என் பேரு ஜெகதீசன் சார் வீட்டம்மா. கையெழுத்து போட்டு வாங்குறப்ப முதுகு தானா நிமிருது. தூ. வெக்கமா இல்லையா உனக்கு? இருக்கு. வெக்கமும் இருக்கு, பெட்டியும் வேணும். அந்த நாள் நெருங்கினா லேப்ல இருக்கறப்பவே மனசு வாசலுக்குப் போயிடுது, என்ன வந்திருக்கும், எந்தப் பாகம்னு. போன மாசம் ரெண்டு நாள் லேட்டு. நிறுத்திட்டானோன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். ராத்திரி எழுந்து தண்ணி குடிச்சேன், அவன் போன அன்னிக்குக்கூட நான் அப்படித் துடிக்கலை. வந்ததும்தான் சோறு இறங்குச்சு. இன்னும் கொஞ்சம் பாகம் வரணும், அதெல்லாம் மாட்டினா முழுசா ஆயிடும், முழுசானா அப்புறம் என்ன? அதை இப்ப நினைக்காதே. இப்ப அவன் வர்றதை நினை. இது நான் கட்டினது. ஆங், அதுதான் சரி. ‘இது நான் கட்டினது, குடுக்க மாட்டேன்.’ உக்காந்துக்கிட்டே சொல்லணும், எழுந்துக்கக் கூடாது. காபி கேட்டா? கேக்க மாட்டான், ஆனா வெயில்ல வந்திருப்பான், முகம் வாடியிருக்கும், என் காலு தானா சமையக்கட்டுக்குப் போயிடும், இந்தக் கால்மேல எனக்கு நம்பிக்கையே கிடையாது. பால் வாங்கி வெச்சிருக்கியேடி, அரை லிட்டர் அதிகமா? தயிருக்கு. தயிருக்குத்தான். நைட்டியை மாத்திட்டு சுடிதார் போட்டியே, அது எதுக்கு? தண்ணி லாரிக்காரன் வந்தாலும் மாத்தத்தான் செய்வேன். மனசுக்குள்ள அவன் இவன்னு இந்தக் கிழி கிழிக்கிறேன், வாசல்ல வந்து நின்னா வாங்கன்னுதான் வரும் வாயில, அதை நினைச்சாத்தான் பத்திக்கிட்டு வருது.

ஒளிச்சு வெச்சுடலாமான்னும் யோசிச்சேன். பரண் மேல ஏத்திட்டு, வித்துட்டேன், கொடுத்துட்டேன், உடைஞ்சு போச்சுன்னு சொல்லலாம். சொன்னா அவன் நம்பிடுவான், என்கிட்ட ஒரு பொருள் உருப்படாதுன்னு அவனுக்கு முன்னாடியே ஒரு அபிப்ராயம் உண்டு. ஆனா மாட்டேன். இங்கயே, நடு மேஜையில, ஸ்டாண்டு மேல நிக்கணும். வந்ததும் சுவிட்சைப் போடுவேன். ஓடும். திக்காம, நிக்காம ஓடும். அவன் பாப்பான். சக்கரத்தைப் பாத்த உடனே தெரியும் அவனுக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லைன்னு. குனிஞ்சு பாப்பான், கண்ணாடியை இறக்குவான், எப்படி ஹேமான்னு கேப்பான். கேக்கட்டும். கேட்டா சொல்ல மாட்டேன், தெரியாது தானா ஓடுதுன்னு சொல்வேன். இல்லை, சொல்வேன். நிதானமா, ஒவ்வொண்ணா சொல்வேன், புரியலைன்னா டார்ச் எடுத்துட்டு வாங்க, காட்டுறேன், இங்க பிடிங்க, ஆடாம பிடிங்கன்னு சொல்வேன். அவன் முகம் சுருங்குறதைப் பாக்கணும் எனக்கு. அதுக்கப்புறம் அவன் எவ கூட இருந்தா என்ன, எக்கேடு கெட்டா என்ன. ஸ்க்ரூ உள்ள போயிடுச்சே! எப்பப் போச்சு? இப்பத்தான் போல, நினைச்சுக்கிட்டே திருகியிருக்கேன். பிஸ்டன் கம்பி சேர்ந்துடுச்சு. மணி நாலைத் தாண்டிடுச்சா? லிஃப்ட் சத்தம். நம்ம மாடியிலதான் நிக்குது. ரெண்டு மூணு பேர் குரல் கேக்குதே, தனியா வரலையா? ஷர்மிளாவைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா? வந்திருந்தா வந்திருக்கட்டும், அவளும் பாக்கட்டும். சுவிட்சு எங்க, இதோ. பெல் அடிக்கிறான். அவன்கிட்ட சாவி இருந்துச்சு ஒரு காலத்துல. எழுந்துக்காதேன்னு சொன்னேன்ல, எழுந்துட்டேன்.

வாங்கன்னேன். பின்னால ரெண்டு ஆளு, தோள்ல கயிறும் கோணியும். இளைச்சிருக்கான். தாடி விட்டிருக்கான், நரைச்சது அப்படியே தெரியுது, மை பூசலை. முதல் தடவை வர்ற விருந்தாளி மாதிரி கூச்சமா நின்னான், என் முகத்தைப் பாக்கலை, நேரா மேஜையைப் பாத்தான். பாரு, நல்லா பாருன்னு சுவிட்சைப் போட்டேன். சக்கரம் சுத்துச்சு, கம்பி முன்னும் பின்னும் போச்சு, புதுசா மாட்டின பிஸ்டன் கம்பிகூட தடங்கலே இல்லாம போயிட்டு வந்துச்சு. அவன் பாக்கெட்ல இருந்து டேப்பை எடுத்து மேஜை நீளத்தை அளந்தான். அப்புறம் அகலத்தை. ஷர்மிளாவுக்கு இப்ப வீட்ல இருந்தே வேலையாம், நல்ல டேபிளா தேடுறாங்களாம், இப்ப வர்றதெல்லாம் அட்டையாம், இது அப்பாவோட தேக்குங்கறதால கேக்குறானாம். உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையேன்னான். ரெடி பண்ணி வெச்சிருந்த பேச்சு அத்தனையும் வேற ஒரு சாமானுக்கு. எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் அதைக் கவனிச்சான். ஓடுதா, பரவாயில்லையேன்னான். நான் போட்ட மோட்டார் நல்ல மோட்டார்தான்னான். குனியலை, கண்ணாடியை இறக்கலை. கொஞ்சம் தூக்கிக்கிறியா, ஆளுங்க டேபிளைச் சாய்க்கணும்னான்.

தூக்கினேன். நல்ல கனம். மோட்டார் ஓடிக்கிட்டிருந்தது, உள்ளங்கையில கிர்ருனு துடிச்சுது. நான் கேக்கவே இல்லை, அவனா சொன்னான், “அதை நீயே வெச்சுக்கோ. அங்க வெக்க இடமும் இல்லை.” ரெண்டு வருஷமா நான் விட மாட்டேன்னு பிடிச்சுக்கிட்டிருந்ததை அவன் எனக்குக் குடுத்துட்டான். ஆளுங்க டிராயரை உருவி ஓரமா வெச்சாங்க. உள்ள நேத்து வந்த புது பெட்டி, பிஸ்டனை முடிச்சுட்டுப் பிரிக்கலாம்னு நாடாகூட எடுக்காம வெச்சது, மேல அவன் பேரு. அவன் எடுத்து விலாசத்தைப் படிச்சான். படிச்சுட்டுச் சிரிச்சான். “இது இன்னுமா வந்துக்கிட்டிருக்கு? அடப்பாவமே, நான் சுத்தமா மறந்துட்டேன். சாரி ஹேமா, உனக்குத்தான் தொந்தரவு. இன்னிக்கே மெயில் போட்டு நிறுத்திடச் சொல்லிடறேன்.” போனை வெளிய எடுத்துட்டான். அப்பவே போட்டுடப் போறான், கட்டைவிரலால தேட ஆரம்பிச்சுட்டான். கூரியர் பையன் வர மாட்டான். யாரும் சாரைக் கேக்க மாட்டாங்க. நான் எஞ்சினை நெஞ்சோட அணைச்சுக்கிட்டிருந்தேன், சுவிட்சை நிறுத்தக்கூடத் தோணலை.

“நிறுத்தாதீங்க,” என்னோட குரல்தான். “இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. வரட்டுமே, ப்ளீஸ்.”

அவன் நிமிர்ந்து பாத்தான். வந்ததுல இருந்து முதல் தடவையா என் முகத்தைப் பாத்தான். மேஜையைத் தூக்க வந்த ஆளுங்களும் பாத்தாங்க. புரிஞ்சுடுச்சு அவனுக்கு, எனக்கே புரியாதது வரைக்கும் புரிஞ்சுடுச்சு, போனைப் பாக்கெட்ல வெச்சான். சரி சரி, வரட்டும், நான் ஒண்ணும் பண்ணலைன்னான், மெதுவா, ஆஸ்பத்திரியில பேசுற மாதிரி. கல்யாணம் ஆன இந்தப் பதினோரு வருஷத்துல எங்கிட்ட அவ்ளோ அன்பா அவன் பேசினதே கிடையாது. வாசல்ல மேஜையைத் திருப்பித் திருப்பி வெளிய எடுத்துக்கிட்டிருந்தாங்க. நான் தேங்க்ஸ்ங்கன்னு சொன்னேன்.